குன்னூரிலிருந்து கடலுக்கு

1953 அக்டோபர் 26

மேட்டுப்பாளையத்தில் ரயில் மாறி, மலை ரயிலில் குன்னூர் வந்து சேர்ந்தேன். மழை. பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, நீலச் சேலையின் சாயம் இரண்டு வெள்ளைச் சீருடையிலும் ஏறிவிட்டது. நிலையத்துக்கு யாரும் வரவில்லை. மூட்டை தூக்கியவரே வழி காட்டினார்.

"கப்பல்தொரை பங்களாவுங்களா? அங்க நர்ஸுங்க தங்கறதில்லீங்களே" என்றார்.

நான் தங்குவேன் என்றேன்.

நோயாளி கமாண்டர் ரெஜினால்ட் பெல்லமி. வயது எழுபத்து நான்கு. இங்கிலாந்துக் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். இதயம் பலவீனம், இரண்டு காலிலும் நீர். ஞாபகம் சில நாள் உண்டு, சில நாள் இல்லை என்று டாக்டர் எழுதியிருக்கிறார். மனைவி மக்கள் கிடையாது. சீமையில் தங்கை மகள் ஒருத்தி. என் சம்பளம் அவளிடமிருந்து வருகிறது. வீட்டில் சமையல் ஆரோன். இந்த ஊர்க்காரர், அறுபது வயதிருக்கும், சபைக்குத் தவறாமல் போகிறவர்.

கமாண்டர் பேசுவது ஆங்கிலம். எழுதும்போது எனக்குத் தமிழில்தான் வருகிறது, அப்படியே எழுதுகிறேன்.

முதல் கேள்வி, "நீந்தத் தெரியுமா, சிஸ்டர்?"

தெரியாது என்றேன்.

"நல்லது. தெரிந்தவர்கள் நெடுநேரம் கஷ்டப்படுவார்கள்."

எந்த ஊர் என்றார். தூத்துக்குடி. துறைமுகம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்பா என்ன தொழில் என்றார். தோணிக்குத் தண்டல் என்றேன். தண்டல் என்றால் தோணியின் கேப்டன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது எங்கே ஓட்டுகிறார் என்றார். இப்போது இல்லை என்றேன்.

எனிமா கொடுத்தேன். அதற்குப் பின் கேள்வி இல்லை.

அக்டோபர் 27

காலையில் கமாண்டர் தடியை ஊன்றி வராந்தாவில் நின்று பெயர் கூப்பிட்டார்.

"ஹாரிஸ்."

அடுப்படியிலிருந்து ஆரோன், "ஹியர் சார்."

"டாட்."

"ஹியர் சார்."

"மெக்ரே."

இதற்கு மட்டும் ஆரோன் குரலைக் கட்டையாக்கிக்கொண்டார். இப்படிப் பத்துப் பேருக்கு மேல். எல்லாரும் ஆஜர் என்று தெரிந்ததும் கமாண்டர் திருப்தியாக உள்ளே போய்க் கஞ்சி குடித்தார்.

யார் இவர்கள் என்று ஆரோனைக் கேட்டேன்.

"தொரையோட கப்பல் ஆளுங்களாமுங்க. கூப்பிடறப்ப பதில் வரலைன்னா நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்துக்கறாருங்க. இனிமேப் பாதிப் பேருக்கு நீங்க சொல்லிப்போடுங்க சிஸ்டரம்மா. எனக்கு அங்க தோசை கருகுது."

அது என் வேலையில் சேர்ந்ததல்ல என்றேன்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். காலைப் பூசைக்குக் கத்தோலிக்கக் கோயிலுக்கு நடந்து போனேன். பூசை முடிந்து எல்லாரும் மெழுகுதிரியும் சாமந்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குள் போனார்கள். நான் திரும்பிவிட்டேன்.

"சீக்கிரம் வந்துவிட்டீர்களே" என்றார் கமாண்டர்.

"எனக்கு இங்கே கல்லறை எதுவும் இல்லை."

"ஊரில்?"

"அங்கேயும் இல்லை."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்று நாடி சீராக இருந்தது.

நவம்பர் 5

கால் வீக்கம் குறைவு. மலச்சிக்கல் இல்லை. பால்காரருடன் சண்டை, பாலில் குன்னூர் மழை பாதி.

நவம்பர் 11

போரில் இறந்தவர்களுக்கு அஞ்சலி செய்யும் நாளாம். தோட்டத் துரைகளின் கிளப்பில் கூட்டம். போகவேண்டாம் என்று டாக்டரும் சொன்னார், நானும் சொன்னேன். கடற்படைக் கோட்டு மாட்டிக்கொண்டு போனார். நானும் போய் வாசலில் நின்றேன். அரை மணியில் வெளியே வந்துவிட்டார். தேயிலை விலை பற்றிப் பேசினார்களாம்.

கோட்டில் இரண்டு பதக்கம். எதற்குக் கொடுத்தது என்று வண்டியில் கேட்டேன்.

"ஒன்று, போரில் இருந்த எல்லாருக்கும் கொடுத்தது. இன்னொன்று, நாங்கள் ஜெயித்ததால் அதே ஆட்களுக்கு மறுபடி கொடுத்தது."

தன் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். பதின்மூன்று வயதில் பயிற்சிக் கப்பலில் சேர்த்துவிட்டார்கள். முதல் நாளே வாந்தி. பழகிவிடும் என்றார்களாம். முப்பத்தோரு வருடம் கடலில் இருந்தார்; எந்தப் பயணமானாலும் முதல் மூன்று நாள் வாந்திதான். ஒரு வாளியைக் கையில் பிடித்துக்கொண்டே கட்டளை கொடுக்கப் பழகியிருக்கிறார். பெரிய சண்டை ஒன்று நடந்ததே, அதில் இருந்தீர்களா என்றேன். அந்த வாரம் அவர் கப்பலுக்குக் கொதிகலன் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

"பின் எதற்காக அந்த வேலையிலேயே இருந்தீர்கள்?"

"வேறு எதுவும் தெரியாது, சிஸ்டர். உங்களுக்கு?"

எனக்கும் தெரியாது என்றேன்.

நவம்பர் 12

ஆரோன் விடியும் முன்பே சந்தைக்குப் போய்விட்டார். கமாண்டர் வழக்கம்போல் பெயர் கூப்பிட்டார். முதல் பெயருக்குப் பதில் வராமல் அப்படியே நின்றார். நிற்க நிற்கக் கால் வீங்கும். அதனால் மட்டும் பதில் சொன்னேன். மெக்ரேக்குக் கட்டைக்குரல் எனக்கு வரவில்லை.

நவம்பர் 24

இன்று ஞாபகம் நன்றாக இருந்தது. தோலில் புண் வராமல் முதுகைத் தேய்த்துவிடும்போது தானாகவே பேசினார்.

1917ஆம் வருடம் அவர் ஒரு நாசகாரிக் கப்பலுக்குத் தலைவர். வடகடலில் எதிரியின் குண்டு ஒன்று கப்பலின் முன்பக்கம் விழுந்தது. பதினொரு பேர் இறந்தார்கள். அவர் காவலாகப் போன சரக்குக் கப்பல்கள் முன்னால் போய்விட்டன. முழு வேகத்தில் வந்து சேர்ந்துகொள் என்று கட்டளை. பக்கத்தில் எங்கோ எதிரியின் நீர்மூழ்கி இருப்பதாகவும் தகவல். கமாண்டர் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். பதினொரு பேரையும் கித்தானில் தைத்து, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, செபம் வாசித்துக் கடலில் இறக்கினார். நடுவில் அவருக்கு வாந்தி. ஆட்கள் எல்லாரும் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். மிச்சத்தை வாசித்து முடித்தார்.

நீர்மூழ்கி வரவில்லை. ஒன்றும் ஆகவில்லை.

"அதுதான் எனக்கு வினை. ஏதாவது ஆகியிருந்தால் நானும் போயிருப்பேன், யாரும் விளக்கம் கேட்டிருக்க மாட்டார்கள்."

உயிரோடு இருந்த நூறு பேரை, இறந்துபோன பதினொரு பேருக்காக ஆபத்தில் நிறுத்தினார் என்று மேலதிகாரி எழுதினார். அதற்குப் பின் அவருக்குக் கேப்டன் பதவிக்கு உயர்வு வரவில்லை. பாரசீக வளைகுடாவில் சின்னக் கப்பல் ஒன்று, பிறகு கரையில் ஒரு மேசை, பிறகு ஓய்வு. இரண்டாவது யுத்தத்தில் கிழவரைத் திரும்பக் கூப்பிட்டு, இந்தியாவில் ஒரு சின்னத் துறைமுகத்தில் நாட்டுப்படகுகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களாம். தண்டல் என்ற வார்த்தை அங்கே கற்றது.

"அநியாயம் செய்துவிட்டார்கள்" என்றேன்.

"இல்லை. அவர் எழுதியது சரி. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன்."

"பின் ஏன் நிறுத்தினீர்கள்?"

"ஓடுகிற கப்பலிலிருந்து போட்டால் தூக்கி எறிவது மாதிரி இருக்கும்."

முதுகில் புண் இல்லை. பவுடர் போட்டுப் படுக்கவைத்தேன்.

டிசம்பர் 1

நல்லதம்பி பாஸ்டர் தேநீருக்கு வந்தார். ஊர்ச் சபையின் பாஸ்டர், நல்ல மனிதர். கமாண்டருக்காகக் கல்லறைத் தோட்டத்தில் சைப்ரஸ் மரத்தடியில் ஓர் இடம் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். சொல்லும் விதத்தில் ஏதோ ரயிலில் ஜன்னல் இருக்கை பிடித்துவைத்த மாதிரி இருந்தது.

"மன்னிக்க வேண்டும் பாஸ்டர், நான் கடலுக்குப் போகிறேன்" என்றார் கமாண்டர்.

பாஸ்டர் சிரித்தார். ஞாபகம் இல்லாத நாள் என்று நினைத்துக்கொண்டார். இருக்கிற நாள்தான்.

அவர் போனபின் நான் சொன்னேன், "பாஸ்டர் சொல்வதுதான் சரி. கல்லறை என்று ஒன்று வேண்டும். அது இல்லாத வீட்டுப் பாடு உங்களுக்குத் தெரியாது."

"எனக்காக எந்த வீட்டிலும் யாரும் காத்திருக்கவில்லை. அதுதான் எனக்கு வசதி."

"கடலில் என்ன இருக்கிறது?"

"பதினொரு பேரை நானே வாசித்து இறக்கினேன். கடைசியில் நான் மட்டும் தோட்டத் துரைகளுக்கு நடுவில் போய்ப் படுத்துக்கொண்டால் நன்றாக இருக்காது."

கித்தானில் தைக்கும்போது கடைசித் தையல் மூக்கு வழியாகப் போகவேண்டும் என்பது பழைய வழக்கமாம். உயிர் இருந்தால் தெரிந்துவிடுமாம். நாடி பார்க்க எனக்குத் தெரியும் என்றேன்.

டிசம்பர் 3

மதியம் பெரிய வரைபடப் புத்தகத்தை எடுத்துத் தரச் சொன்னார். மன்னார் வளைகுடாப் பக்கத்தை விரித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்கள் அப்பா கிளம்பியது எந்த மாதம்?"

அப்பா கடலில் காணாமல் போனதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. ஆரோனிடம் ஒரு தடவை சொன்னேன்.

"நவம்பர். முப்பத்தைந்தாம் வருடம்."

"எங்கே?"

"கொழும்புக்கு."

"சரக்கு?"

"வெங்காயம். தோணி நிறைய."

"காற்று?"

"வாடை. அன்று சாயந்தரம் புயல்."

வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஓர் இடத்தில் விரல் வைத்தார்.

"இங்கே இருக்கும். சரக்கோடு அவ்வளவு தாழ்ந்து போகும் தோணி அந்தக் காற்றில் நெடுநேரம் தாங்காது. சீக்கிரம் முடிந்திருக்கும், சிஸ்டர். உங்கள் அம்மாவிடம் இதை யாரும் சொல்லவில்லையா?"

எல்லாரும் சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை. எந்தத் தீவிலாவது கரை ஏறியிருப்பார், வருவார் என்றாள். இன்றும் தாலி கழற்றவில்லை. நிறச் சேலைதான் உடுத்துகிறாள். அப்பா கஸ்பார் பெயருக்கு ஒரு பூசை வைக்கவும் விடவில்லை. அது எங்கள் அம்மாவின் சுபாவம், நான் என்ன செய்ய முடியும் என்றேன்.

"நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

தேநீர் நேரம் ஆகிவிட்டது என்று எழுந்து போனேன். இன்று தேநீரில் சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவரும் கேட்கவில்லை.

டிசம்பர் 4

அப்பா போனபோது எனக்கு இருபத்துமூன்று. தம்பி தொம்மைக்குப் பதினைந்து. அடுத்த வருடம் நான் மதுரைக்கு நர்ஸ் படிப்புக்குப் போனேன். அதன்பின் வேலை பார்த்த இடமெல்லாம் மதுரை, திண்டுக்கல், கொடைக்கானல், இப்போது இங்கே. வேலை கிடைத்த இடத்துக்குப் போனேன், அவ்வளவுதான். விசேஷமான காரணம் ஒன்றும் இல்லை.

மெத்தை உறை மாற்றினேன். சர்க்கரை இரண்டு கரண்டி போட்டேன்.

டிசம்பர் 25

ஆரோன் வான்கோழி கிடைக்காமல் கோழி பொரித்தார். கமாண்டர் மூன்று பேருக்கும் ஒரே மேசையில் இலை போடச் சொன்னார். ஆரோன் உட்காரமாட்டேன் என்று நின்றார். கட்டளை என்று சொன்னபின் உட்கார்ந்தார். நாற்காலியின் விளிம்பில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து ஓடுகிற மாதிரி.

சாப்பாட்டுக்குப் பின் ஆரோன் பாத்திரம் கழுவப் போனார். கமாண்டர் மெதுவான குரலில் சொன்னார்:

"சிஸ்டர், காலையில் நான் கூப்பிடுகிறேனே, அந்தப் பெயர்கள். அவர்கள் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும்."

அவர் மடியில் சிந்தியிருந்த சோற்றைத் துடைத்தேன்.

"முதலில் சில நாள் குழம்பிப்போய்க் கூப்பிட்டேன். தெளிந்த பிறகு நிறுத்தலாம் என்று பார்த்தேன். ஆனால் ஆரோன் மெக்ரேக்கென்று தனிக்குரல் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறான். நிறுத்தினால் மனசு விட்டுப்போவான்."

மாலையில் ஆரோனிடம், நாளை ஒருநாள் பதில் சொல்லாமல் இருந்து பார்ப்போமா என்றேன்.

"ஐயோ வேண்டாமுங்க. தொரை மனசு ஒடிஞ்சு போயிருமுங்க" என்றார்.

யாரிடமும் எதுவும் சொல்வதாக இல்லை.

1954 ஜனவரி 3

வீக்கம் இடுப்பு வரை. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தலையசைத்தார்.

ஜனவரி 9

தலையணை நான்கு வைத்து உட்காரவைத்திருக்கிறேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது.

"நீங்கள் எனக்காகக் கடலுக்குப் போகவேண்டும் என்று சொல்லமாட்டேன்" என்றார். "உங்களுக்கு அது பிடிக்காது என்று தெரியும். யாரையாவது ஏற்பாடு செய்தால் போதும்."

பிடிக்காது என்று நான் ஒருபோதும் சொல்லவில்லையே என்றேன்.

"சொல்லவில்லை" என்றார்.

பார்க்கலாம் என்றேன். வாக்குக் கொடுக்கவில்லை.

ஜனவரி 12

காலையில் அவரால் எழ முடியவில்லை. ஆரோன் வராந்தாவில் தயாராக நின்றுகொண்டிருந்தார். உள்ளிருந்து குரல் வரவில்லை. நான் வெளியே வந்து, "எல்லாரும் இருக்கிறார்களா?" என்றேன். "இருக்காங்க சிஸ்டரம்மா" என்றார். உள்ளே போய் அதைச் சொன்னேன். தலையை அசைத்தார்.

ஜனவரி 14

பொங்கல். கமாண்டர் இறந்துபோனார். மதியத்துக்கு முன். கஷ்டமில்லை. நாடி பார்த்தேன், இரண்டு முறை.

உடம்பைத் துடைத்துக் கோட்டு மாட்டினோம். ஆரோன் பொத்தான்களுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே இருந்தார். போதும் என்று நான் சொல்லவில்லை.

சீமைக்குத் தந்தி கொடுத்தோம்.

ஜனவரி 15

பாஸ்டர் வந்தார். சைப்ரஸ் மரத்தடியில் குழி வெட்ட ஆள் சொல்லிவிட்டாராம். கமாண்டர் கேட்டது வேறு என்றேன்.

"சிஸ்டர், அவர் கடைசிக் காலத்தில் எதையெதையோ பேசினார். ஆறாயிரம் அடி உயரத்தில் இருந்துகொண்டு கடல் என்றால் என்ன செய்வது? சொந்தக்காரர் சொல்வதுபடி செய்வோம். தந்தி வரட்டும்."

நியாயம்தான். காத்திருந்தோம். குளிர் இருந்ததால் காத்திருக்க முடிந்தது. மாலையில் தந்தி வந்தது. தங்கை மகள் வருந்துகிறாள், வர இயலாது, வழக்கப்படி செய்யவும்.

"பார்த்தீர்களா, வழக்கப்படி" என்றார் பாஸ்டர்.

ஆரோன் தேநீர்த் தட்டோடு நின்றார். "கப்பல்காரங்களுக்கு வழக்கம் கடல்தானுங்களே ஐயா."

பாஸ்டர் தந்தியைத் திரும்ப வாசித்தார். பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இதை யார் கொண்டுபோவது?" என்றார்.

நான் கொண்டுபோகிறேன் என்றேன். அப்படிச் சொல்ல உத்தேசித்திருக்கவில்லை.

பாஸ்டர் எழுந்து, தன் செபப்புத்தகத்தில் கடல் அடக்கத்துக்கான பக்கத்தைத் தேடி எடுத்து, ஒரு தாளை அடையாளமாக வைத்து என் கையில் கொடுத்தார். "அவசரமாக வாசிக்க வேண்டாம்" என்றார்.

ஜனவரி 16

உருளைக்கிழங்கு லாரியில் எழுதுகிறேன், எழுத்து கோணல்.

லாரி ஆரோனுக்குத் தெரிந்த குழந்தைவேலுக் கவுண்டருடையது. கிழங்கு தூத்துக்குடிக்குப் போய், அங்கிருந்து தோணியில் கொழும்புக்கு. பெட்டியில் என்ன என்பதை மறைக்காமல் சொன்னேன். அவர் யோசித்தார்.

"வெள்ளைக்காரருங்களா?"

"ஆமாம்."

"அப்பச் செரி. வழியில ஒருத்தனும் பெட்டியத் தொறன்னு சொல்லமாட்டான். பழக்கதோசமுங்க."

கோயம்புத்தூரில் ஐஸ் பாளம் வாங்கி மரத்தூளோடு பெட்டியைச் சுற்றி அடுக்கினோம். ஆரோன் ஒரு சாக்கை மடியில் வைத்திருந்தார். என்ன என்று கேட்டேன். வீட்டு அம்மிக் குழவி. காலில் கனம் கட்டவேண்டும் என்று தொரை சொல்லியிருக்கிறாராம்.

"கல்லு அங்கேயே கிடைக்கும், அண்ணே."

"கிடைக்குமுங்க. ஆனா நம்ம வீட்டுச் சாமான் ஒண்ணு கூடப் போகட்டுமே. அவருக்கு இஷ்டமான மசாலாவெல்லாம் இதுலதான் அரைச்சேன்."

திண்டுக்கல்லுக்கு முன் சோதனைச் சாவடி. போலீஸ்காரர் டார்ச் அடித்தார்.

"பெட்டியில என்னம்மா?"

"கடற்படை அதிகாரி."

"எங்க போறாரு?"

"கடலுக்கு."

டாக்டர் சான்றிதழை நீட்டினேன். வாசித்தார். லாரிக்காரரைப் பார்த்தார். என் சீருடையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போகச் சொன்னார்.

மதுரை தாண்டியதும் காற்றில் ஈரம் தெரிந்தது. ஆரோன் இதுவரை கடலைப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் சொன்னார்.

ஜனவரி 17

விடிகாலையில் தூத்துக்குடி. வீட்டு வாசலில் லாரி நின்றதும் தொம்மை ஓடிவந்தான். இப்போது அவனும் தண்டல், சொந்தத் தோணி. விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தான்.

"யக்கா, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? பொணத்தத் தோணியில ஏத்துனா ஆளுக எவனும் அப்புறம் கால் வைக்கமாட்டான். சரக்குக் குடுக்கவனும் குடுக்கமாட்டான்."

"ஒரு தடவதான, தொம்மை."

"ஒரு தடவன்னு கடலுக்குத் தெரியுமா?"

அம்மா வெளியே வந்தாள். பச்சைச் சேலை. கழுத்தில் தாலி. நான் வந்திருப்பதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, லாரியைத்தான் பார்த்தாள்.

"யாருட்டி அது?"

"ஒரு கப்பக்காரரு, அம்மா. நான் பாத்துக்கிட்டிருந்த நோயாளி. செத்தா கடல்ல விடணும்னு கேட்டாரு."

"அவரே கேட்டாரா?"

"அவரேதான்."

"அழ ஆளுக உண்டுமா?"

"யாரும் இல்ல."

அம்மா லாரியைச் சுற்றிப் போய்ப் பெட்டிப் பக்கத்தில் நின்றாள். ஐஸ் உருகி மரத்தூள் வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. கிழவரின் பெயர் என்ன என்றாள். பெல்லமி என்றேன். அவளுக்கு வாயில் வரவில்லை.

"ஏலே தொம்மை, நீயே கொண்டுபோ" என்றாள்.

"அம்மா, ஆளுக வரமாட்டானுவ..."

"நீயும் இவளும் பத்தாது? உங்கப்பா ரெண்டு ஆள வச்சிக்கிட்டுக் கொழும்பு போயிருக்காவ."

வாக்குவாதம் முடிந்தது. கடைசியில் தொம்மையின் ஆட்களில் இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளைக்காரன் பிணம் கணக்கில் சேராது என்று ஒருவர் தீர்ப்புச் சொன்னாராம்.

பழைய பாய்த்துணியில் நானே தைத்தேன். மூக்கில் குத்தவில்லை. குழவியை ஆரோன் காலில் வைத்துக் கட்டினார்.

தோணியில் ஏறும்போது தொம்மை கை கொடுத்தான். "பதினெட்டு வருசமாச்சு நீ தோணியில கால் வச்சு" என்றான். பலகை வழுக்கியது, அதனால் அவன் கையைச் சற்று அழுத்திப் பிடித்தேன்.

கரை மறையும் வரை போனோம். ஆரோன் கடலை நெடுநேரம் பார்த்தார். "இவ்வளவுதானுங்களா? இதுக்கா தொரை அப்படி ஏங்குனாரு" என்றார். பிறகு அவருக்கு வாந்தி வந்தது. அதற்குப் பின் கடலைப் பற்றி இளக்காரமாகப் பேசவில்லை.

பாயை இறக்கட்டுமா என்று தொம்மை கேட்டான். இறக்கு என்றேன். தோணி நின்றது. நின்றபின் அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பாஸ்டர் அடையாளம் வைத்த பக்கத்தை வாசித்தேன். அவசரப்படவில்லை. கமாண்டரின் பெயர் வரவேண்டிய இடத்தில் முழுப்பெயரைச் சொன்னேன். தொம்மையும் ஆட்களும் பலகையைச் சாய்த்தார்கள். சத்தம் அதிகமில்லை. ஆரோன் சல்யூட் அடித்தார், இடது கையால்.

புத்தகத்தை மூடியிருக்கலாம். பக்கம் அப்படியே திறந்திருந்தது. முதலிலிருந்து இன்னொரு தடவை வாசித்தேன். பெயர் வரும் இடத்தில் கஸ்பார் என்று வாசித்தேன்.

தொம்மை சுக்கான் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். நான் வாசித்து முடிக்கும்வரை அவன் நிமிரவில்லை. ஆட்கள் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பி வரும்போது காற்று சாதகமாக இருந்தது. உப்புக்காற்றில் எனக்குக் கண் எரிந்தது.

வீட்டில் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"விட்டாச்சா?"

"விட்டாச்சு."

"செபம் சொன்னியா?"

"சொன்னேன்."

கை நின்றது. "ஒருத்தருக்கா?"

"ரெண்டு பேருக்கு."

அம்மா மீனைத் திருப்பிப்போட்டு மறுபக்கம் செதில் சீவினாள். குழம்பில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டாள். எல்லாரும் சாப்பிட்டோம். ஆரோன் மட்டும் நன்றாக இருக்கிறது என்றார்.

ஜனவரி 18

ஆரோன் காலை ரயிலுக்குப் போனார். பங்களாவை விற்கிறார்களாம், கேத்தியில் மகள் வீட்டில் இருப்பாராம். கருவாடு கொஞ்சம் கட்டிக் கொடுத்தோம். "காலையில எந்திரிச்சு என்ன செய்யறதுன்னுதான் தெரியலீங்க" என்றார். ரயில் கிளம்பும்வரை நின்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா உள் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி இஞ்ஞாசி. சாமியார்ட்ட போயி ஒரு பூசைக்குக் குடுத்துட்டு வா."

"யார் பேருக்கு அம்மா?"

"ரெண்டு பேர் பேருக்கும்தான். அந்த வெள்ளக்காரருக்கும் ஆளு இல்லன்னியே."

"அவரு நம்ம வேதம் இல்ல, பாஸ்டர் சபைக்காரரு. சாமியார் கேப்பாரு."

"கேட்டா, உங்கப்பா கூட இருக்காருன்னு சொல்லு."

மாதா கோயிலுக்குப் போனேன். சாமியார் இளைஞர், ஊருக்குப் புதிது. வேதம் எது என்று கேட்கவில்லை. பேரேட்டை விரித்து முதலில் ரெஜினால்ட் பெல்லமி என்று எழுதினார். எழுத்துக்கூட்டிச் சொன்னேன். இறந்தது ஜனவரி பதினான்கு.

அடுத்து கஸ்பார் கொரைரா, தண்டல். எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"இவர் என்றைக்கு இறந்தார்?"

நேற்று என்றேன். எழுதிக்கொண்டார்.